வீட்டில் இருந்தே நர்சிங் படிக்க முடியுமா? அமெரிக்காவில் ஆன்லைன், ஹைபிரிட் வகுப்புகள் நடக்கும் விதம்

டல்லாஸ் அருகே வசிக்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் பொறியியல் முடித்தவர். கணவரின் எச்-1பி விசாவை ஒட்டி எச்-4 விசாவில் வந்திருக்கிறார். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். "செவிலியராக வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வீட்டில் இருந்தபடியே படிக்கலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. சிலர் ஹைபிரிட் என்கிறார்கள். வகுப்புகள் உண்மையில் எப்படி நடக்கும்? எத்தனை நாள் வெளியே போகவேண்டியிருக்கும்? நம்பிச் சேரலாமா?"

நான் மதுரையில் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ படித்து, சில ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்துவிட்டு, டெக்சஸுக்கு வந்து ஆர்.என். (பதிவுபெற்ற செவிலியர்) உரிமம் பெற்றவள். பி.எஸ்.என். என்ற நர்சிங் இளங்கலைப் பட்டத்தையும் முதுகலையையும் இரவு டூட்டிகளுக்கு இடையே ஆன்லைனில் முடித்தேன். இப்போது, பாடம் ஆன்லைனிலும் பயிற்சி நேரிலுமாக நடக்கும் ஹைபிரிட் முறையில் படிக்கும் மாணவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் கிளினிக்கல் ஆசிரியையாக இருக்கிறேன். திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்தவள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். ஏற்கெனவே செவிலியர் உரிமம் இல்லாத ஒருவர் ஆர்.என். ஆவதற்கான படிப்பை முழுக்க முழுக்க ஆன்லைனில் முடிக்க முடியாது. பாடத்தை வீட்டில் படிக்கலாம். நோயாளியின் படுக்கையருகே, ஆசிரியரின் கண் முன்னால் செய்தாகவேண்டிய பயிற்சியை வீட்டில் செய்ய முடியாது. ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள நர்சிங் வாரியம் இதைக் கேட்கிறது. "100 சதவீதம் ஆன்லைன்" என்ற விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருந்தால் அது பெரும்பாலும் வேறொரு கூட்டத்துக்கானது. என்னைப் போல் ஏற்கெனவே ஆர்.என். ஆக இருந்து பட்டத்தை மட்டும் உயர்த்திக்கொள்ள விரும்புகிறவர்களுக்கான ஆர்.என்.-பி.எஸ்.என். படிப்பு அது. நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில் ஒரு சட்டமே இயற்றியது: புதிதாக உரிமம் பெறும் செவிலியர் 10 ஆண்டுகளுக்குள் பி.எஸ்.என். முடிக்கவேண்டும். அதற்கு முன்பே, 2010-ல், செவிலியரில் 80 சதவீதம் பேர் பட்டதாரிகளாக வேண்டும் என்று தேசிய அளவிலான ஓர் அறிக்கை பரிந்துரைத்திருந்தது. வேலையை விடாமல் படிக்கவேண்டிய பல்லாயிரம் பேருக்காக ஆன்லைன் வகுப்புகள் பெருகியதற்கு இவையெல்லாம் காரணம். அவர்களுக்குக் கை ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஆராய்ச்சியை வாசிப்பது, சமூக நலச் செவிலியம், தலைமைப் பண்பு போன்ற பாடங்கள்தான் மிச்சம். அவை திரை வழியாக நன்றாகவே வரும்.

உங்களுக்குப் பொருந்துவது இன்னொன்று. வேறு துறையில் பட்டம் பெற்றவர்களை 12 முதல் 16 மாதங்களில் பி.எஸ்.என். ஆக்கும் துரிதப் படிப்பு. இதில் பல கல்லூரிகள் ஹைபிரிட் முறையைப் பின்பற்றுகின்றன. பாடம் ஆன்லைனில், செய்முறை அவர்களது லேபில், நோயாளிகளோடு செய்யும் கிளினிக்கல் பயிற்சி மருத்துவமனையில். உள்ளூர்க் கல்லூரிகளான கம்யூனிட்டி காலேஜ்களின் இரண்டாண்டு அசோசியேட் பட்டமும் ஆர்.என். ஆக ஒரு வழிதான். கட்டணம் மிகக் குறைவு, ஆனால் நேரில் போகவேண்டிய நாட்கள் கூடுதல்.

இனி வகுப்புக்கு வருவோம். ஒரு வாரம் எப்படிப் போகும் என்று சொன்னால் தெளிவாகிவிடும்.

திங்கள் காலையில் கேன்வாஸ் அல்லது பிளாக்போர்டு போன்ற ஒரு தளத்தில் அந்த வாரத்தின் பாடத் தொகுதி திறக்கும். 80, 100 பக்கம் வாசிக்கவேண்டியிருக்கும். பதிவு செய்யப்பட்ட விரிவுரைகள் துண்டுதுண்டாக இருக்கும். புதன் அல்லது வியாழன் இரவுக்குள் விவாதப் பகுதியில் உங்கள் கருத்தை ஆதாரங்களோடு எழுதவேண்டும். ஞாயிறு இரவு 11.59-க்குள் இரண்டு சக மாணவர்களுக்குப் பதில் எழுதவேண்டும். இடையில் ஒரு சிறு தேர்வு. சில கல்லூரிகள் வாரம் ஒருமுறை குறிப்பிட்ட நேரத்தில் எல்லோரையும் நேரலையில் கூட்டும், சில கூட்டாது. சேருமுன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் மூன்று மணிக்கு நேரலை வகுப்பு வைத்தால் ஆன்லைனாக இருந்தும் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை.

விவாதப் பகுதியைப் பலர் சடங்காக நினைத்து மூன்று வரியில் முடிக்கிறார்கள். அது இழப்பு. தமிழ்வழியில் படித்துவந்த எனக்கு, ஒரு நோயாளியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒழுங்காக வாதிட்டு எழுதும் பழக்கம் அங்கேதான் வந்தது. பிறகு டாக்டருக்கு நள்ளிரவில் போன் செய்து நோயாளியின் நிலையை நான்கு வாக்கியத்தில் சொல்லவேண்டி வந்தபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது.

தேர்வுகள் வேறு விதம். கணினியில் வேறு எந்தப் பக்கத்தையும் திறக்கவிடாத ஒரு பிரவுசரில் தேர்வை வைத்து, கேமராவை அறை முழுக்கச் சுற்றிக் காட்டச் சொல்வார்கள். மேசைக்கு அடியிலும் காட்டவேண்டும். குழந்தை ஓடி வந்தால், நீங்கள் அடிக்கடி பக்கவாட்டில் பார்த்தால், அது பதிவாகும். ஒஹையோவில் ஒரு மாணவர் தன் படுக்கையறையைக் கேமராவில் காட்டச் சொன்னதை எதிர்த்து வழக்குப் போட்டார். அரசுப் பல்கலைக்கழகம் அப்படி வீட்டைச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2022 ஆகஸ்டில் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் பல கல்லூரிகளில் இந்த வழக்கம் தொடர்கிறது. ஒரு கதவு பூட்டக்கூடிய அறையும், நிலையான இணைய இணைப்பும் இந்தப் படிப்புக்குப் புத்தகத்தைப் போலவே அவசியம். மதிப்பெண்ணிலும் கறார் உண்டு. 75, சில இடங்களில் 78 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பாடம் தோல்விதான். மருந்துக் கணக்குத் தேர்வில் 90-க்கு மேல் கேட்கும் கல்லூரிகள் நிறைய.

அந்த மருந்துக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1000 மில்லிலிட்டர் திரவத்தை 8 மணி நேரத்தில் ஏற்றவேண்டும், ஒரு மில்லிலிட்டருக்கு 15 சொட்டு விழும் குழாய். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 31. பொறியியல் படித்த உங்களுக்கு இது அரை நிமிட வேலை. ஆன்லைனில் இதை அருமையாகச் சொல்லித்தரலாம். ஆனால் அந்த நோயாளி கையை மடக்கிப் படுத்ததில் சொட்டு நின்றுபோயிருப்பதையும், ஊசி ரத்தநாளத்தை விட்டு விலகிக் கை வீங்கத் தொடங்கியிருப்பதையும் பார்க்கும் கண் அந்தக் கணக்கில் வராது. அதற்காகத்தான் லேப்.

ஹைபிரிட் படிப்பில் லேப் நாட்கள் இரண்டு விதமாக அமையும். சில கல்லூரிகள் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வரச் சொல்லும். சில, பருவத்துக்கு ஒருமுறை நான்கைந்து நாள் சேர்த்து முகாம் போல நடத்தும். வெளியூர்க்காரர்கள் ஓட்டலில் தங்கிப் படிப்பார்கள். சிறு பிள்ளைகள் உள்ள உங்களுக்கு முதலாவதே நல்லது என்பது என் எண்ணம். கிருமி படாமல் கையுறை அணிவது, சிறுநீர் கதீட்டர் போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, மருந்து கொடுப்பது எல்லாம் வீடியோவில் பத்து முறை பார்த்துவிட்டுத்தான் லேபுக்கு வருவீர்கள். பிறகு ஆசிரியர் முன்னால் ஒவ்வொன்றையும் தனியாகச் செய்துகாட்டவேண்டும். கையுறையின் வெளிப்பக்கத்தை விரல் தொட்டுவிட்டால் அங்கேயே நிறுத்தி மறுபடி முதலிலிருந்து. வீடியோவில் பார்க்கும்போது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். முதல்முறை செய்யும்போது பத்தில் ஏழெட்டுப் பேர் தொட்டுவிடுகிறார்கள். வீட்டில் பழக ஒரு பெட்டி உபகரணங்கள் தருவார்கள். சமையலறை மேசையைத் துடைத்துவிட்டு தினமும் ஒருமுறை செய்து பாருங்கள், பலன் தெரியும்.

அடுத்தது சிமுலேஷன். மருத்துவமனை அறையைப் போலவே அமைத்த இடத்தில், மூச்சு விடும், நாடி துடிக்கும், பேசும் ஒரு பொம்மை படுத்திருக்கும். ஆசிரியர் கண்ணாடிக்கு அப்பால் இருந்து அதன் ரத்த அழுத்தத்தைக் கூட்டுவார், குறைப்பார். இந்தப் பொம்மைகளில் பேர்போனவற்றைச் செய்யும் லார்டல் நிறுவனம் நார்வேயில் ஒரு காலத்தில் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொம்மைகளைச் செய்துகொண்டிருந்தது. 1960-ல் உயிர்ப்பிப்புப் பயிற்சிக்கான (சி.பி.ஆர்.) 'ஆன்' பொம்மையைச் செய்து இந்தத் துறைக்குள் வந்தார்கள்.

என் மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆன்லைன் தேர்வுகளில் எப்போதும் முதலிடம். சிமுலேஷனில் அவளுக்குக் கொடுத்தது, அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒரு நோயாளி. ரத்த அழுத்தம் 90-க்கு 50, நாடித் துடிப்பு 124, "எனக்கு என்னவோ செய்கிறது" என்று பொம்மை முனகுகிறது. அவள் மானிட்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரத்த இழப்பால் வரும் அதிர்ச்சி நிலையின் அறிகுறிகளை வரிசையாகச் சொன்னாள், ஒன்றுகூடத் தப்பில்லை. போர்வையை மட்டும் விலக்கிப் பார்க்கவில்லை. விரிப்பெல்லாம் சிவப்பு நிறத்தில் நனைந்திருந்தது. பிறகு வட்டமாக உட்கார்ந்து நடந்ததைப் பேசினோம். காட்சி 15 நிமிடம், பேச்சு 40 நிமிடம். "எனக்குத் தெரிந்திருந்தது, ஏன் கை போகவில்லை?" என்று அவளே கேட்டாள். அடுத்த மாதம் மருத்துவமனை வார்டில், பிரசவமான ஒரு பெண் "லேசாகத் தலை சுற்றுகிறது" என்றபோது, என் மாணவி வேறெதுவும் பேசுவதற்கு முன் போர்வையை விலக்கினாள். சிமுலேஷனுக்குப் பின் நடக்கும் அந்தப் பேச்சைச் சுருக்கிவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிடும் கல்லூரி என்றால் அதன் விலையுயர்ந்த பொம்மைகளால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

சிமுலேஷன் உண்மையான வார்டுக்கு எவ்வளவு தூரம் ஈடாகும் என்பது நியாயமான கேள்வி. மாநில நர்சிங் வாரியங்களின் தேசிய கவுன்சில் 10 கல்லூரிகளில் ஓர் ஆய்வு நடத்தி 2014-ல் வெளியிட்டது. கிளினிக்கல் நேரத்தில் பாதி வரை நல்ல தரமான சிமுலேஷனாக மாற்றினாலும் மாணவர்களின் அறிவிலும், உரிமத் தேர்வு முடிவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அதன் முடிவு. 'நல்ல தரமான' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த ஆய்வில் பங்கேற்ற ஆசிரியர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதியும் மாறும். கலிபோர்னியா, நோயாளியை நேரடியாகப் பராமரிக்கும் கிளினிக்கல் நேரம் குறைந்தது 500 மணி இருக்கவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது.

2020 மார்ச்சில் கொரோனாவால் மருத்துவமனைகள் மாணவர்களை வெளியே அனுப்பியபோது எங்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை. கிளினிக்கல் முழுவதையும் திரைக்கு மாற்றினோம். அமெரிக்காவில் படித்து முதல்முறை உரிமத் தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள் 2019-ல் 88 சதவீதம். 2022-ல் அது 80-ஐத் தொடவில்லை. திரை மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். அந்த மாணவர்கள் வீட்டில் நோயையும் சாவையும் பார்த்தவர்கள், ஆசிரியர்களான நாங்களும் களைத்திருந்தோம். ஆனாலும் அந்த இரண்டு ஆண்டுகளில் என்னிடம் படித்தவர்கள் முதன்முதலில் வார்டுக்குள் நுழைந்தபோது நோயாளியைத் தொடவே தயங்கியதை நான் பார்த்தேன். அதனால்தான் நேரில் நடக்கும் பகுதியைக் குறைத்துக் காட்டும் கல்லூரியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

திரையால் முடிகிற, நேரில்கூட எளிதில் முடியாத ஒன்றும் உண்டு. ஷேடோ ஹெல்த் என்ற மென்பொருளில் டீனா ஜோன்ஸ் என்று ஒரு கற்பனை நோயாளி வருவார். 28 வயது, சர்க்கரை நோய், ஆஸ்துமா, காலில் புண். நீங்கள் தட்டச்சு செய்து கேட்கும் கேள்விக்குத்தான் அவர் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்லமாட்டார். மதுப் பழக்கம், பாலுறவு, மன அழுத்தம் பற்றியெல்லாம் முன்பின் தெரியாத ஒருவரிடம் கேட்க நம் பிள்ளைகளுக்குக் கூச்சம் அதிகம். எனக்கும் இருந்தது. டீனாவிடம் ஐந்து முறை கேட்டுப் பழகிய பிறகு ஆறாவது முறை நிஜ மனிதரிடம் கேட்பது எளிதாகிறது.

இப்போது நீங்கள் கல்லூரியிடம் கேட்கவேண்டிய கேள்விகளில் முதலாவது: என் கிளினிக்கல் எந்த மருத்துவமனையில், அதை ஏற்பாடு செய்வது யார்? வகுப்புக் கட்டணத்தையும், விரிவுரையின் நேரத்தையும் பிறகு கேளுங்கள். ஹைபிரிட் கல்லூரிகளில் பிரச்சினை வருவதெல்லாம் இங்கேதான். பாடத்தை எத்தனை ஆயிரம் பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒரு வார்டில் ஓர் ஆசிரியரோடு 8 முதல் 10 மாணவர்கள்தான் நிற்கமுடியும். ஒரே நகரில் பத்துக் கல்லூரிகள் அதே வார்டுகளுக்குப் போட்டி போடும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் பாடங்களையெல்லாம் நல்ல மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு, மகப்பேறு கிளினிக்கலுக்கு இடம் கிடைக்காமல் ஒரு பருவம் முழுக்க வீட்டில் காத்திருந்தாள். கடன் வட்டி காத்திருக்கவில்லை. "டல்லாஸ் பகுதியில்" என்று கல்லூரி சொன்னால் எந்த மருத்துவமனை, வீட்டிலிருந்து எத்தனை மைல் என்று எழுத்தில் கேளுங்கள். கிளினிக்கல் நாள் காலை 6.45-க்குத் தொடங்கும், பல இடங்களில் 12 மணி நேரம். அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்பதை உங்கள் கணவரோடு இப்போதே பேசி முடித்துவிடுங்கள். பின்னாளில் நர்ஸ் பிராக்டிஷனர் (நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் உயர்நிலைச் செவிலியர்) படிக்க நினைத்தால், மேற்பார்வை செய்ய ஒரு மருத்துவரையோ மூத்த பிராக்டிஷனரையோ மாணவரே தேடிக்கொள்ளவேண்டும் என்று பல ஆன்லைன் கல்லூரிகள் சொல்லும். அப்போதும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

அங்கீகாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. டெக்சஸ் நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் அந்தக் கல்லூரிக்கு இருக்கவேண்டும். சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., சி.என்.இ.ஏ. ஆகிய மூன்று அமைப்புகளில் ஒன்றின் தரச்சான்றும் இருக்கவேண்டும். கல்லூரி வேறு மாநிலத்தில் இருந்தால், அங்கே படித்தவர் டெக்சஸில் உரிமம் பெறலாமா என்பதையும் பாருங்கள். வாரியத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு கல்லூரி மாணவர்களின் உரிமத் தேர்வு முடிவும் இருக்கும், மூன்று நான்கு ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள். அந்தத் தேர்வான என்கிளெக்ஸ் 2023 ஏப்ரலில் மாறியது. 85 முதல் 150 கேள்விகள், 5 மணி நேரம் வரை. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, முதலில் எதைக் கவனிப்பாய், அடுத்து என்ன செய்வாய் என்று படிப்படியாகக் கேட்கிறார்கள். மனப்பாடம் அங்கே உதவாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 2023 ஜனவரியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் புளோரிடாவில் ஒரு மோசடியை வெளிக்கொண்டுவந்தார்கள். 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் சான்றிதழ்கள் பணத்துக்கு விற்கப்பட்டிருந்தன. 25 பேர் மீது வழக்கு. 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்று அந்த விசாரணைக்குப் பெயர். வாங்கியவர்களில் பலர் உரிமத்தை இழந்தார்கள். ஆறு மாதத்தில் ஆர்.என்., கிளினிக்கல் கிடையாது, தெரிந்தவர் மூலம் சேர்த்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும், பேச்சை அத்தோடு முடித்துவிடுங்கள்.

விசா விஷயம் உங்களுக்கு முக்கியம். எச்-4-ல் படிக்கத் தடை இல்லை. ஆன்லைன் வகுப்புக்கு உச்சவரம்பும் இல்லை. எஃப்-1 மாணவர் என்றால் ஒரு பருவத்தில் ஒரே ஒரு ஆன்லைன் வகுப்பு, அதாவது 3 கிரெடிட், மட்டுமே முழுநேரப் படிப்பின் கணக்கில் சேரும். ஹைபிரிட் படிப்புக்காக விசாவை மாற்ற நினைக்கிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். உங்கள் சிக்கல் படித்து முடித்த பிறகு வரும். உரிமத்துக்குப் பல மாநில வாரியங்கள் சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்கின்றன. கலிபோர்னியா அதற்குப் பதிலாக வரி எண்ணையும் ஏற்கிறது. வேலை அனுமதி இல்லாத எச்-4-க்கு அந்தச் சமூகப் பாதுகாப்பு எண் பொதுவாகக் கிடைக்காது. கணவரின் ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காக வேலை கொடுப்பவர் போடுவது) அங்கீகரிக்கப்பட்டிருந்தால் எச்-4 துணைவருக்கு வேலை அனுமதி கேட்க 2015 முதல் வழி இருக்கிறது. உங்கள் நிலைமை எது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கிளினிக்கல் தொடங்குமுன் தடுப்பூசிச் சான்று, போதைப்பொருள் பரிசோதனை, கைரேகை, உயிர்ப்பிப்புப் பயிற்சி அட்டை எல்லாம் கேட்பார்கள். காசநோய்ப் பரிசோதனையில் மட்டும் கவனம். நம் ஊரில் பிறந்ததும் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருப்பார்கள். அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் நோய் இல்லாமலே தடிப்பு வரலாம், பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று அலையவேண்டும். ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள், அதில் பி.சி.ஜி. குழப்பாது.

நீங்கள் இந்த வாரமே தொடங்கக்கூடியவை இரண்டு. உங்கள் பொறியியல் பட்டத்தை அமெரிக்கப் பட்டத்துக்கு நிகராக மதிப்பிடவேண்டும், டபிள்யூ.இ.எஸ். போன்ற எந்த அமைப்பை நீங்கள் விரும்பும் கல்லூரி ஏற்கிறது என்று கேட்டுக்கொண்டு, அண்ணா பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அது வரும் வரையில் உடற்கூறியல், உடலியங்கியல் முதல் பாகத்தைப் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் எடுங்கள். பொறியியல் பட்டத்தில் அந்தப் பாடங்களும் நுண்ணுயிரியலும் இருக்காது, எந்த நர்சிங் கல்லூரியும் அவற்றைக் கேட்கும். விரிவுரை ஆன்லைனில் இருந்தாலும் லேப் நேரில் இருக்கும் வகுப்பாகப் பார்த்துப் பதிந்துகொள்ளுங்கள். ஆன்லைன் லேபைச் சில நர்சிங் கல்லூரிகள் ஏற்பதில்லை. ஒரு பருவம் அதைப் படித்துப் பார்த்தால், ஞாயிறு இரவு 11.59-க்குப் பாடத்தை அனுப்பிவிட்டு மறுநாள் காலையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்க உங்கள் வீட்டில் முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.